அரக்கமலைக் குடிகள்

மாய ராஜ்ஜியத்து மாந்தர்களாக வேடமேற்று ஆடும் ஒரு கதை விளையாட்டுக்காகச் சிவசக்தி ஒரு நூல் எழுதியிருந்தாள். பதுளையில் அச்சுக்குக் கொடுக்குமுன், மலைச்சரிவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில், தங்கள் வீட்டில் உட்கார்ந்து தம்பி துஷாந்த் பிழை பார்த்தான்.

“அக்கா, இது பொருந்தவே இல்ல. அரக்கமலை சரியப் போகுதுன்னு அரசன் முரசு அடிக்கிறான். சனம் ஓடாம பொங்கித் தின்னுட்டு இருக்கு. எவன் நம்புவான்?”

“போறதுக்கு வேற எடம் குடுத்தானா அரசன்?”

“உசுரவிட எடமா பெருசு? ஓடுற மாதிரி மாத்துக்கா.”

வெளியே மழை வலுத்தது. கோயில் ஒலிபெருக்கி அலறியது: “மண்சரிவு அபாயம்! மேல் லயத்து சனமெல்லாம் உடனே வெளியேறுங்க!”

துஷாந்த் எழுந்தான். சுவர் வெடிப்பில் ஒழுகிய சேற்றுநீருக்கு வாளியை நகர்த்தி வைத்தான்.

“போன மழைக்கும் இப்படித்தான் கத்துனாங்க” என்றவன், அடுப்பைப் பார்த்தான். “அரிசி போட்டாச்சாக்கா?”