உறை காத்த கார்

பனிக்காலத்தில் அந்த ஊர்ச் சாலைகளில் பனி உருகுவதற்காக உப்பைக் கொட்டுவார்கள். உப்பு பட்டால் காருக்குத் துருப்பிடிக்கும். அதனால் அந்தப் பழைய பச்சைக் காரை வாங்கியவர், அதை லாரியில் ஏற்றி, தடித்த உறை போர்த்திக் கொண்டுவரச் சொன்னார். விற்றவர் வீட்டிலிருந்து லாரி வரைக்கும் மட்டும் கார் சாலையில் ஓடி வந்தது. அவசரத்தில் யாரும் அதைக் கழுவவில்லை.

உறைக்குப் பெருமை தாங்கவில்லை. "கவலையை விடுங்க, பெரியவரே. என்னைத் தாண்டி ஒரு துளி உப்பு உள்ளே வந்துடுமா?"

சொன்னபடியே செய்தது. முன்னால் போன வண்டிகள் வாரியடித்த உப்புத் தண்ணீரையெல்லாம் தானே வாங்கிக்கொண்டது. காற்று பிய்த்தெறியப் பார்த்தபோதும் பிடி தளரவில்லை.

"பின் சக்கரத்து மேல ஏதோ அரிக்குதும்மா," என்றது கார்.

"வயசானா அப்படித்தான். பேசாம படுங்க."

மலை ஏறும்போது கார் மறுபடி முனகியது. உறை அந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. பெயின்ட் மேல் இன்னும் காயாத சாலை ஈரத்தில் சில உப்புக்கற்கள் சுகமாக உட்கார்ந்திருந்தன.

"வெளியே பேய்க்காத்து போலிருக்கே," என்றது ஒரு கல். "நல்லவேளை, நீங்க இருக்கீங்க அக்கா. இல்லைன்னா எங்களை எப்பவோ அடிச்சுட்டுப் போயிருக்கும்."

உறை, கொஞ்சம் விலகிக் கொடுக்கலாமா என்று யோசித்தது. விலகினால், இவ்வளவு தூரம் காத்ததற்கு என்ன பெயர்?

"யாரும்மா அங்கே பேசுறது?" என்றது கார்.

"யாருமில்லை, பெரியவரே. தூங்குங்க," என்று சொல்லிவிட்டு, உறை காரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.