நோட்டுக்குள் ஒரு பள்ளம்

“அசையாம இரு. அஞ்சே நிமிஷம்தான், வலிக்காது” என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டர் கத்தியை இறக்கினார்.

நோயாளி முனகவில்லை. 192 பக்கம், கோடு போட்ட நோட்டு அது, முனகத் தெரியாது. இருபது வருடமாகப் பல்லில் குழி தோண்டி அடைக்கிற கை, தாள்களின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் பறித்தது. ஓரங்களில் பசை தடவி ஒட்டிவிட்டு, பள்ளத்துக்குள், தான் நாவல் படிக்கிற இ-ரீடரை வைத்து அழுத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

இத்தனை பாடும் மனைவிக்குப் பயந்துதான். “பரிட்சை முடியற வரைக்கும் சாயங்காலம் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து பாடம் சொல்லிக்குடுங்க. அந்த சிலேட்டை உங்க கையில பார்த்தேன், பீரோவுல வெச்சுப் பூட்டிடுவேன்” என்று முந்தின நாள்தான் தீர்ப்பு வந்திருந்தது. துப்பறியும் நாவலில் கடைசி நாற்பது பக்கம் பாக்கி. கொலைகாரன் யாரென்று தெரியாமல் டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

மகளின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே மாதிரி பிரவுன் அட்டை போட்டார், அதே மாதிரி லேபிள் ஒட்டினார். ‘அறிவியல், ஐந்தாம் வகுப்பு’ என்று மகள் கையெழுத்திலேயே எழுதினார். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியக் கூடாது அல்லவா.

தெரியவில்லை. அன்று மாலை மகள் எழுதினாள். அப்பா நோட்டைப் பார்த்தார். அந்தப் பக்கம் வந்த மனைவி பூரித்துப் போனாள். “பரவாயில்லையே, கண் கொட்டாம பார்க்கறீங்களே. இவ மிஸ்கூட இப்படிப் பார்க்க மாட்டாங்க.”

“எங்க மிஸ்ஸா? நாப்பது நோட்டை நாலு நிமிஷத்துல திருத்திடுவாங்கம்மா. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தா எங்கயும் நிக்கவே நிக்காது” என்றாள் மகள்.

நாவலில் சந்தேகத்துக்கு ஆளானவர்கள் எல்லோரும் ஒரே அறையில் கூடிவிட்ட கட்டத்தில் சாப்பிட அழைப்பு வந்தது. டாக்டர் திரையை அணைக்காமல் அப்படியே நோட்டை மூடி மேசையில் வைத்தார்.

மறுநாள் மகள் பள்ளிக்குப் போனபின், ஆவலாக நோட்டைத் திறந்தார். உள்ளே புல்லை வெட்டுக்கிளி தின்றது, வெட்டுக்கிளியைத் தவளை தின்றது. கலர் பென்சிலில் வரைந்த உணவுச் சங்கிலி.

அப்படியானால் மகள் பையில் போனது டாக்டரின் நோட்டு. மிஸ் பார்ப்பார். ஹெட்மாஸ்டரிடம் போகும். ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போன் போடுவார், மனைவி எடுப்பாள், பீரோ சாவி திரும்பும். அன்று கிளினிக்கில் ஒருவருக்கு வலது கடைவாய்ப் பல்லைப் பிடுங்க இடது பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார்.

மாலையில் பள்ளி வேன் வரும் முன்பே தெருமுனையில் போய் நின்றார். மகள் உர்ரென்று இறங்கினாள்.

“நோட்டு எங்கடா கண்ணு?”

பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அட்டையைத் திறந்தார். திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை சிவப்பாக ஒரு கோடு. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“போச்சு. கீழ போட்டு உடைச்சிட்டியா? மிஸ் பார்த்துட்டாங்களா?”

“பார்த்தாங்களே. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குதாம். ஆனா யாரையோ பார்த்து எழுதியிருக்கேன்னு ரெண்டு மார்க் குறைச்சிட்டாங்கப்பா.”