காலடி படாத வீடு

பழைய சர்வரை ஆறு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். இறந்துபோன மகன் ரொசாரியோ கணினி விளையாட்டு உலகில் கட்டிய வீட்டைப் புதிய சர்வருக்கு மாற்றித் தரும்படி, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிட்டாவிடம் லூர்து கேட்டிருந்தாள். அந்த உலகம் முழுதும் புதிய சர்வருக்கு வந்துவிட்டது. வீடு இருந்த இடத்தில் மட்டும் வெறும் புல். தான்தான் பிசகிவிட்டோமோ என்று ஜெனிட்டா முதலிலிருந்து சரிபார்த்தாள்.

"அக்கா, உள்ள யாரும் போறதில்லையா? வருஷக்கணக்கா ஆள் நடமாடாத இடத்தைப் புது சர்வர் எடுத்துக்காது."

"அவன் வச்சது வச்சபடி இருக்கட்டும்னு நான்தான் யாரையும் விடல."

"இப்பவே போய் எதையாவது தொட்டு மாத்துங்க. நேரமில்லக்கா!"

லூர்து திரையில் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"லைட்டை அணைச்சுட்டுப் போடான்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்!" என்று அதட்டியபடி அணைத்தாள்.

ஆறு மணிக்குள் வீடு வந்து சேர்ந்தது, இருட்டாக.