யாரோ ஒருத்தி கொடுத்த பால்

தாய்ப்பால் வங்கி நர்ஸை அந்தப் பெண் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தெடுத்தாள்.

"பால் கொடுக்கிறவங்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டா?"

"அது இல்லாம ஒரு சொட்டுகூட வாங்க மாட்டோம்மா."

"பால்ல கிருமி இருந்தா?"

"பக்குவமா சூடாக்கி, திரும்பவும் பரிசோதிப்போம். அப்பவும் இருந்தா கொட்டிடுவோம். பயப்படாம வாங்கிட்டுப் போங்க."

"வாங்க வரலை சிஸ்டர், கொடுக்க வந்திருக்கேன்!"

நர்ஸ் திகைத்தாள்.

"எட்டு மாசம் முன்னாடி பொறந்தப்ப என் மக தொள்ளாயிரம் கிராம்தான். எனக்கு அப்பப் பால் ஊறலை. யாரோ ஒருத்தி இங்கே கொடுத்த பால்லதான் பொழைச்சா. இப்ப வெளியே அவங்கப்பா கண்ணாடியைப் பிடுங்கிட்டிருக்கா! அவ குடிச்சும் மிச்சம் இருக்கு. இன்னொருத்தி பிள்ளை குடிக்கப்போற பாலாச்சே, கேட்க வேண்டாமா?"

பரிசு வாங்கப் போகிறவளைப் போலச் சிரித்துக்கொண்டே, ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள்.