வீட்டுக்காரர் வைத்த பட்டப்பெயர்

"முதல்ல காலை நிறுத்தும்மா" என்றார் நர்சம்மா.

மிஷின் மிதிப்பதை நிறுத்தினேன்.

ஏழாவது மாதம். மிதிக்கக் கூடாது என்று போன முறையே சொல்லிவிட்டுத்தான் போனார். மிதிக்காவிட்டால் தீபாவளிக்கு வந்து கிடக்கும் முப்பது ஜாக்கெட்டையும் யார் தைப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லீவு கேட்கலாம் என்றால் என் கடைக்கு முதலாளியும் நானேதான்.

பிரஷர் பார்த்தார். ரத்தம் போதவில்லை என்று இரண்டு பட்டை மாத்திரை கொடுத்தார். பிறகு பையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்தார்.

"மனசு எப்படி இருக்குன்னு கேக்கணுமாம். சட்டுனு சொல்லிடு, இன்னும் பதினாலு வீடு இருக்கு."

என் மனதைப் பற்றிக் கேட்கவும் ஒரு தாள் அடித்திருக்கிறார்களே!

மூன்று வாரமாக ஒரு விஷயத்தை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு இவரிடம் சொல்லிவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

தூக்கம் வருகிறதா என்றார். இல்லை என்றேன். வயிறு பெருத்தால் அப்படித்தான் என்று எழுதிக்கொண்டார்.

பசியும் இல்லை என்றேன். அதுவும் அப்படித்தானாம்.

வேலையில் கவனம் இருக்கிறதா? நேற்று ஒரு பட்டு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டித் தொலைத்தேன். அதைச் சொன்னதும் எதிர்வீட்டு வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ராமாயி அக்கா களுக்கென்று சிரித்தார். எங்கள் தெரு அவ்வளவு குறுகல். இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் தண்ணீர் கொண்டு வருவார்கள்.

"பிள்ளை அசையிறப்ப சந்தோஷமா இருக்கா?"

பயமாக இருக்கிறது. போன வாரம், 'நீ எதுக்குடி இப்ப வர்றே' என்று அதனிடம் மனதுக்குள் கேட்டுவிட்டேன். பெற்றவள் கேட்கிற கேள்வியா அது? அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

"ம்" என்றேன். அதற்கு ஆமாம் என்று டிக் போட்டார்.

தாளின் கடைசிக்கு வந்துவிட்டார். "கணவர் பெயர் இராஜாங்கம். உதவியா, துணையா இருக்காரா?"

இதுதான் இடம், சொல்லிவிடு என்று மூச்சை இழுத்தேன். ராமாயி அக்கா முந்திக்கொண்டார்.

"அவளைப் போய் அதைக் கேக்குறீங்களே நர்சம்மா, அவதான் கைவிடப்பட்டவளாச்சே!"

நர்சம்மா சிரித்துவிட்டார். அவருக்கும் அந்தக் கதை தெரியும். ஊருக்கே தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு இலவசத் தையல் மிஷின் என்றார்கள். எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும், நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன் என்று என் வீட்டுக்காரர்தான் மனு எழுதினார். மன்னார்குடி கல்யாண மண்டபத்தில் மைக்கில் 'கணவனால் கைவிடப்பட்ட அம்சம்' என்று கூப்பிட்டபோது, பின்வரிசையில் நின்று பலமாகக் கை தட்டியதும் அவர்தான். மிஷினை டி.வி.எஸ். பிப்டியில் வைத்துக் கட்டி, ஊர்வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார். தெருமுனையில் எல்லார் காதிலும் விழ, "கைவிடப்பட்டவளே, கொஞ்சம் பிடிச்சுக்க" என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

எனக்கும் அதில் பெருமைதான். யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், "ஆமாங்க, நட்டாத்துல விட்டுட்டாரு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்து, மூக்கை உறிஞ்சிக் காட்டுவேன். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு தெருவில் சிரிப்பு இரட்டிப்பானது.

குத்தகை நிலத்துக்கு இரண்டு வருஷம் கேஸ் நடத்தித் தோற்றோம். மேட்டூரும் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார்.

நர்சம்மா பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். வேறு எப்படிச் சொல்வது என்று எவ்வளவோ தேடினேன். அந்த வார்த்தைதான் வந்தது.

"நெசமாவே நட்டாத்துல விட்டுட்டாருங்க."

கண்ணில் தண்ணீர் கொட்டியது. முந்தானையை எடுத்துத் துடைத்தேன். மூக்கை உறிஞ்சினேன்.

ராமாயி அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. நர்சம்மா தாளால் என் தோளில் தட்டினார்.

"நல்லா நடிக்கிறேடி! இப்படிச் சிரிக்க வைக்கிறவளுக்கு மனசுல என்ன குறை?"

கடைசிக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் திருப்பூரிலிருந்து போன் வந்தது. இங்கே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டேன், இனிமேல் வரமாட்டேன், பிள்ளையை நீயே பார்த்துக்கொள் என்றார்.

நானும் சிரிக்கத்தான் செய்தேன்.