அலை முறியக் கூடாது

“டீவிய நிப்பாட்டுங்கக்கா. எம் மக கம்சலா மூளையில அலை ஓடுது.”

வாசலில் நின்ற வீரய்யாவை இராக்கம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன அலை?”

“பைனோரல் பீட்டுன்னு சொல்லுது புள்ள.”

“பீட்டா? வெலிமடையில லொறி லொறியா ஏத்துறாங்களே, அதயா காதுல வைக்கிறா?”

“அது பீட்ரூட் கிழங்குக்கா. இது சத்தம். ஹெட்செட்ல எடது காதுக்கு ஒரு சத்தம், வலது காதுக்குக் கொஞ்சம் மாத்தி இன்னொண்ணு. அந்த வித்தியாசத்த மூளையே தாளமாக் கேக்குமாம். அந்தத் தாளத்துக்கு மூளையும் சேர்ந்து ஆடுனா படிப்பு பசை மாதிரி ஒட்டிக்குமாம்.”

“வெளிய இல்லாத தாளமா?”

“இல்லாததுதான்.”

“இத யாரு கண்டா?”

“ஆமாங்கிறவங்களும் இருக்காங்க, இல்லங்கிறவங்களும் இருக்காங்களாம். ஆனா நடுவுல வேற சத்தம் வந்தா அலை முறிஞ்சிருமாம்க்கா. முறிஞ்சா புத்தி பேதலிச்சிருமாம்.”

இராக்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாடகத்தில் மாமியாரைக் கிணற்றில் தள்ளியது யார் என்று அன்றைக்குத்தான் தெரியவிருந்தது. ஆனாலும் நிறுத்தினாள். புத்தி பேதலித்தால் யார் பதில் சொல்வது?

தோட்டத்து லயத்தில் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக வீடுகள்; நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் ‘நூறு வயசு’ என்பார்கள். அந்த லயமே இப்போது பூனை நடை நடந்தது. ஆட்டு மணிக்குள் துணி திணித்தார்கள். சண்டை போட நினைத்தவர்கள் மலை ஏறிப் போய்ச் சண்டை போட்டார்கள். கடைசி வீட்டுப் புவனேந்திரன்கூடத் தன் ஸ்பீக்கரைச் சாக்கால் மூடினான். தெமோதரைக்குப் போகிற ரயில் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை.

போன மாதம் இதே கம்சலா வந்து, “உயர்தரப் பரீட்சை வருது அத்தை, சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க” என்று கெஞ்சினாள். “படிக்கிறது கண்ணாலதானே, காதப் பொத்திக்க” என்று அனுப்பியவள் இராக்கம்மா.

ஒரு வாரம் பல்லைக் கடித்தாள். அதற்கு மேல் முடியவில்லை. நாடகம் முடியும்வரை அலையை நிறுத்தி வைக்கச் சொல்லலாம் என்று வீரய்யா வீட்டுக்குள் போனாள். அவர் அந்த வீட்டின் ஒரே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போயிருந்தார்.

கம்சலா ஹெட்செட்டோடு குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

போன் இல்லாமல் எப்படி அலை?

இராக்கம்மா வயரைக் கண்ணால் தொடர்ந்தாள். அது மேசையிலிருந்து இறங்கி, அரிசி வாளியைச் சுற்றிப் போய், வெறுமனே முடிந்தது. நுனி அறுந்திருந்தது.

கம்சலா நிமிர்ந்தாள்.

“யார்கிட்டயும் சொல்லிராதீங்க அத்தை. அப்பாவுக்கும் தெரியாது. படிக்கணும்னு சும்மா கேட்டா யாருமே…”

இராக்கம்மா அந்த நுனியையே பார்த்தாள். காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னது அவள்தான். பெண் பொத்திக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் புவனேந்திரன் பொறுமை இழந்து பாட்டைப் போட்டான். கூரைத் தகரம் அதிர்ந்தது.

இராக்கம்மா அறுந்த நுனியை எடுத்துப் புத்தகத்துக்கு அடியில் செருகினாள். வாசலுக்கு ஓடி வந்து கத்தினாள்:

“அடேய் புவனேந்திரா, நிப்பாட்டுடா! மொனராகலையில ஒருத்திக்கு அலை முறிஞ்சு, எடது காது வலது பக்கம் போயிருச்சாம்!”