காரமில்லாத மதியம்

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷெட்டில் இயந்திரங்கள் நின்றுவிட்டன. கடுக்காய்ச் சாறு நிறைந்த தொட்டிகளின் மேல் மதிய வெயில் மஞ்சளாகப் படுத்துக் கிடக்கிறது. கூட வேலை செய்யும் மக்பூல் பாயோடு, இரண்டு வீட்டுச் சோற்றையும் ஒரே தட்டில் கொட்டிச் சாப்பிட்டே பழகிய கன்னியப்பன், இன்று தூணுக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருக்கிறான். மனைவி கமலம் கட்டிக் கொடுத்த டப்பாவில் மோர்ச்சோறு. மஞ்சளும் பூண்டும் போட்டு வதக்கிய மணத்தக்காளிக் கீரை. ஓரத்தில் சுண்டைக்காய் வற்றல். மிளகாய் மருந்துக்குக்கூட இல்லை. திறந்தவன் கை வைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

“இன்னா கன்னியப்பா, எங்க வூட்டு சோறு புடிக்காம போய்ட்டுதா?” தூணுக்குப் பின்னாலிருந்து வரும் பாயின் குரலில் சிரிப்பில்லை.

“அதில்ல பாய். வயித்துல கிருமியாம். மாத்திரை முடியற வரைக்கும் ஒரே தட்டுல துன்னக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களுக்கும் ஒட்டிக்கும்.”

தொட்டியில் ஒரு குமிழ் எழுந்து உடைகிறது. செருப்புச் சத்தம் தூணைச் சுற்றி வருகிறது. எதிரே சம்மணமிட்டு உட்காரும் பாய், கன்னியப்பனின் கை படாத டப்பாவிலிருந்து பாதிச் சோற்றையும் கீரையையும் வற்றலையும் தன் தட்டில் தள்ளிக்கொள்கிறார். அவர் கொண்டுவந்த கோழிக்குழம்புத் தூக்கு மூடியபடியே இருக்கிறது. விளிம்பில் சிவப்பு எண்ணெய் கசிந்து மின்னுகிறது.

“நீ தொடறதுக்கு முன்னாடியே எடுத்துக்கினேன். இப்ப எப்படி ஒட்டும்?” சுண்டைக்காயைக் கடித்ததும் கசப்பில் அவர் முகம் சுருங்குகிறது. “நாளைக்கும் இதானா?”

“மாத்திரை முடியற வரைக்கும் பாய்.”

பாய் இன்னொரு சுண்டைக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார்.